பச்சை விளக்கை நம்பி நான்கு நாள்

என் பையில் மாற்றுத்துணி இரண்டு செட். மிச்ச இடமெல்லாம் பிளக்கும் அடாப்டரும்தான். பெரிய மூன்று பின்னைச் சின்ன சாக்கெட்டில் மாட்ட ஒன்று, ஆலைகளில் இருக்கும் நீல நிற சாக்கெட்டில் மாட்ட ஒன்று, எதற்கென்று எனக்கே மறந்துபோன ஒன்று. டிரைவர் கதிர்வேல் அண்ணன் அந்தப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மிணி, கோழிக்குஞ்சு விக்கப் போறமா, எலெக்ட்ரிக் கடை வைக்கப் போறமா?" என்று கேட்டார்.

பல்லடம் பக்கம் ஒரு நாட்டுக்கோழிப் பண்ணையில் எனக்கு வேலை. படித்தது மின்னியல். பண்ணைக்கு மின்சார பிக்கப் வாங்க வேண்டும் என்று ஒரு வருடம் முதலாளியின் காதைக் கடித்து வாங்க வைத்தவள் நான். வண்டி வந்ததும் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். புதுக்கோட்டைப் பக்கம் மூன்று இடத்துக்கு அறுநூறு குஞ்சு, நான்கு வாரம் வளர்ந்தவை. உயிரோடு இறக்கிவிட்டு வந்தால் இந்த வண்டி இருக்கும். வழியில் நின்று குஞ்சு செத்தால் திரும்பவும் டீசல் வண்டிதான். வண்டி ஓடும்வரை கூண்டுகளுக்குள் காற்று வரும். நின்றால் அடுப்புதான்.

முதல் நாள்

பொன்னமராவதிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. முதுகுச் சட்டை சீட்டோடு ஒட்டிக்கொண்டது. நூற்றைம்பது குஞ்சை இறக்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் வைத்தோம். வண்டியிலும் சார்ஜ் கால்வாசிதான் மிச்சம்.

சாப்பிட ஒதுங்கிய மெஸ்ஸில் பரோட்டாவுக்கு முட்டை மாஸ் வைத்தார்கள். அவித்த முட்டையும் வெங்காயமும் தக்காளியும் சுருண்டு, காரமும் புளிப்புமாக. எங்கள் ஊரில் இதற்கு மல்லியும் தேங்காயும் அரைத்து ஊற்றிச் சாந்தப்படுத்திவிடுவார்கள். இங்கே யாரும் யாரையும் சாந்தப்படுத்துவதில்லை. கண்ணில் நீர் வரச் சாப்பிட்டேன்.

கடைக்காரரிடம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"என்னம்மா, போனா?"

"இல்லைங்க, வண்டி."

அவர் வாசலுக்கு வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். "இம்புட்டுப் பெரிய வண்டிக்கு என் கடை கரண்டு பத்துமா? சரி, போடுங்க. இங்கிட்டு ஒரு பாயிண்டு இருக்கு."

அது சின்ன சாக்கெட். பையிலிருந்து முதல் அடாப்டரை எடுத்து மாட்டினேன். வண்டியோடு வந்த கேபிளின் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி உண்டு. அதில் பச்சை விளக்கு எரிந்தால் சார்ஜ் ஏறுகிறது. சிவப்பு எரிந்தால் எங்கோ கோளாறு, ஏற்றமாட்டேன் என்று அர்த்தம். பச்சை எரிந்தது.

ஆனால் சின்ன சாக்கெட் தாங்கும் கரண்ட் வேறு, வண்டி இழுக்கும் கரண்ட் வேறு. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். முதல் முறை வெதுவெதுப்பு. இரண்டாம் முறை விரலை வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வேறு. சுவிட்சை அணைத்துவிட்டுப் பிடுங்கினேன். அடாப்டரின் ஒரு பக்கம் பழுப்பேறி இளகியிருந்தது.

"ஏம்மா, என் கிரைண்டர்கூட நாலு மணி நேரம் ஓடும், இப்படிச் சூடாகாது" என்றார் கடைக்காரர்.

அதை அவர் கண் முன்னாலேயே குப்பையில் போட்டேன். போகிற வழியெல்லாம் கதிர்வேல் அண்ணனுக்கு வகுப்பு எடுத்தேன். அடாப்டர் வடிவத்தை மாற்றுமே ஒழிய பலத்தைக் கூட்டாது. சுற்றி வைத்த வயரை முழுசாக அவிழ்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். சூடானால் கழற்ற வேண்டும். அவர் எல்லாவற்றுக்கும் "சரிங் சரிங்" என்றார். அன்றைக்கு நான் சொன்னதெல்லாம் சரிதான். அதுதான் இப்போது உறுத்துகிறது.

ஒரு மாவு மில்லில் நல்ல பெரிய சாக்கெட் கிடைத்தது. கறுப்புப் பெட்டி உடனே பச்சை காட்டியது. மில்லின் பின்னறையில் மாவுத் தூசிக்கு நடுவே உட்கார்ந்து தும்மிக்கொண்டே தூங்கினோம். காலையில் மூன்று குஞ்சு செத்திருந்தன.

இரண்டாம் நாள்

குன்றாண்டார்கோவில் தாண்டிச் செம்மண் பாதையில் நாலைந்து கிலோமீட்டர். வழி கேட்ட இடத்திலெல்லாம் "அங்கிட்டு" என்று கை நீண்டது. எந்த அங்கிட்டு என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. இரண்டு முறை தவறான அங்கிட்டுக்குப் போய், கல்குவாரி ஒன்றின் விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அத்தனை சார்ஜும் வீண்.

விவசாயி சின்னையா நூற்றைம்பது குஞ்சை எண்ணி வாங்கிக்கொண்டார். செத்த மூன்று போக மிச்ச முந்நூறையும் அன்று ராத்திரி தம் கொட்டகையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். அந்த முந்நூறும் அறந்தாங்கிக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊருக்குப் போக வேண்டியவை. பன்னிரண்டு பெண்கள் கூடு கட்டி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

மோட்டார் கொட்டகையில் பெரிய சாக்கெட் இருந்தது. மாட்டினேன். சிவப்பு. கழற்றி மாட்டினேன். சிவப்பு. டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் வருகிறது. வராதது எர்த். சாக்கெட்டிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போகிறது, ஆனால் போயும் போகாத மாதிரி. வண்டியில் கசிவு வந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிட வழி இல்லை, அதனால் ஏற்ற மாட்டேன் என்கிறது அந்தப் பெட்டி. நியாயமான பெட்டி.

சின்னையாவின் மருமகள் தேன்மொழி அப்போதுதான் அங்கன்வாடியிலிருந்து மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எங்க சார்ஜரும் இப்படித்தான் செவப்பு காட்டுதுக்கா. பத்து நாளா பக்கத்து வீட்டுல கெஞ்சித்தான் போட்டுக்கிறேன். அவங்களும் மொகத்தத் திருப்ப ஆரம்பிச்சுட்டாங்க."

என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். என்னை அக்கா என்றது பிடித்திருந்தது. அந்தப் பிடித்தத்திலும் களைப்பிலும்தான் நான் அதைச் செய்தேன்.

மின் வண்டிக்காரர்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் பார்த்த தந்திரம் அது. சாக்கெட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் ஒரு இடைப் பிளக்கைத் திறந்து, நியூட்ரலையும் எர்த்தையும் விரல் நீள வயரால் இணைத்துவிட வேண்டும். பெட்டிக்கு எர்த் இருப்பது போலத் தோன்றும். பச்சை எரியும். உண்மையில் எர்த் இருக்காது. நியூட்ரல் கம்பி எங்காவது விட்டுப்போனால் வண்டியின் உடம்பு முழுக்கக் கரண்ட் பாயும். இது எனக்குத் தெரியாதது இல்லை. இதைப் பற்றிப் பரீட்சையில் பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கொட்டகைக்குள் முந்நூறு குஞ்சும் அலகைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரே ஒரு ராத்திரிதானே என்று நினைத்துக்கொண்டேன். திருப்புளியை எடுத்தேன்.

பச்சை எரிந்ததும் தேன்மொழி கை தட்டினார். சின்னையா, "ஈபி ஆபீசுல சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். இந்தப் பாப்பா ஒரு நிமிசத்துல முடிச்சிருச்சு பாரு" என்றார். "எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போம்மா."

போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஸ்கூட்டர் நிற்பது மாட்டுக் கொட்டகையில் என்பதைப் பார்த்தும் கொடுத்தேன்.

கதிர்வேல் அண்ணன் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அம்மிணி, நேத்து அத்தன சொன்னீங்க. இது செரிதானுங்?"

"தற்காலிகம்ண்ணே."

"செரிங்" என்றார். அந்தச் 'செரிங்'கில் நேற்றைய சரி இல்லை.

இரவு கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார்கள். எங்கள் ஊர்க் கம்பங்கூழை நினைத்துக்கொண்டு சாப்பிட்டால் இது வேறு ஜாதி. உருண்டை கெட்டி, குழம்பு தீ. பம்புசெட் லைனில் கரண்ட் விட்டு விட்டுத்தான் வந்தது. விடியும்போது வண்டியில் சார்ஜ் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள்

அறந்தாங்கிக்குள் நுழைந்தபோது மீட்டரில் பதினொன்று சதவீதம். ஏசி இல்லை, ரேடியோ இல்லை, பேச்சும் இல்லை. பேசினால் சார்ஜ் குறையும் என்று நாங்கள் இருவருமே நம்பிய மாதிரி இருந்தது. அறந்தாங்கிக் கடைத்தெருவில் அடுத்தடுத்து பர்தா கடை, சென்ட் கடை, டிராவல்ஸ், பணம் அனுப்பும் கடை. எங்கள் ஊரில் இந்த இடத்தில் பனியன் கம்பெனியும் உதிரிபாகக் கடையும் இருக்கும்.

கடற்கரைப் பெண்கள் குழுவின் தலைவி ரஹ்மத் அக்காவுக்கு வீடு இங்கேதான். அவரை ஏற்றிக்கொண்டு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும். பதினொன்று சதவீதத்தில் அது நடக்காது. மூன்று மணி நேரமாவது சார்ஜ் போட்டால்தான் உண்டு.

"வாங்க, வாங்கம்மா. வெயில்ல வாடி வதங்கி வந்திருக்கீங்க" என்று அவர் வாசலுக்கே வந்துவிட்டார். பால் ஊற்றாத டீ கொடுத்தார், ஏலக்காய் தட்டிப் போட்டது. இந்தச் சூட்டில் சூடாக டீயா என்று நினைத்துக் குடித்தேன். வியர்த்து, ஆறி, கண் திறந்தது. கூண்டுகளை முற்றத்து நிழலில் இறக்கிவைத்தோம். அவர் பெரிய தேக்சாவில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு கூண்டாக ஊற்றினார். சிமெண்ட் தரை முழுக்க நனைந்தது.

சாக்கெட் வீட்டுக்குள் இருந்தது. வண்டி முற்றத்தில். "கவலப்படாதீங்க, எங்க வீட்டுல இல்லாத பிளக்கா?" என்று அக்கா ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தார். சவூதி, துபாய், குவைத் எல்லாம் அதற்குள் இருந்தன. கணவர் ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது கொண்டுவந்தவை. சதுரப் பின், உருண்டைப் பின், எல்லா நாட்டுச் சுவருக்கும் பொருந்தும் பின். "இந்தத் தெருவுல எந்த வீட்டுல போய்க் கேட்டாலும் இப்படி ஒரு டின்னு இருக்கும்" என்றார்.

டின்னோடு ஒரு நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வந்தது. நல்ல தடித்த வயர், அதுவும் வளைகுடாவிலிருந்து வந்தது. அதன் சதுரப் பிளக்கை மட்டும் வெட்டிவிட்டு யாரோ நம் ஊர்ப் பிளக்கைப் பொருத்தியிருந்தார்கள். வயரின் தடிமனைப் பார்த்து எனக்குத் திருப்தி. முழுசாக அவிழ்த்து நீட்டினேன். கரண்ட் அளவை வண்டியில் குறைத்து வைத்தேன். மாட்டினேன். சிவப்பு.

குஞ்சுகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. கத்தும் குஞ்சைவிடக் கத்தாத குஞ்சுதான் பயம். பையிலிருந்து நேற்றைய பிளக்கை எடுத்து நடுவில் செருகினேன். பச்சை.

டெஸ்டர் சட்டைப் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

கதிர்வேல் அண்ணன் பின்கதவை மூடப் போனார். கை வைத்த வேகத்தில் இழுத்துக்கொண்டார். "என்னமோ சுருக்குன்னுதுங்கம்மிணி. எறும்பு கடிச்ச மாதிரி."

அவர் காலில் தடித்த ரப்பர் செருப்பு. அவருக்கு மூன்றடி தள்ளி ரஹ்மத் அக்கா வந்துகொண்டிருந்தார். வெறுங்கால், நனைந்த தரை, இடுப்பில் குடம். குடத்தை வண்டியின் விளிம்பில் இறக்கி வைக்கத்தான் வந்தார். ஒரு கை ஏற்கெனவே நீண்டிருந்தது.

"தொடாதீங்க!"

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அக்கா அப்படியே நின்றார். நான் வீட்டுக்குள் ஓடி மெயினை அணைத்தேன். மின்விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, வீடே மூச்சைப் பிடித்த மாதிரி ஆனது. திரும்பி வந்தபோதும் அவர் கை நீண்டபடியே இருந்தது.

அப்புறம்தான் எக்ஸ்டென்ஷன் பெட்டியின் பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன். வளைகுடாவில் கரண்ட் வருவது பழுப்பு வயரில், நியூட்ரல் நீலத்தில். நம் ஊரில் சிவப்பும் கறுப்பும். பொருத்தியவர் நிறத்தைக் குத்துமதிப்பாக ஊகித்து மாற்றிக் கொடுத்திருந்தார். விசிறிக்கும் மிக்சிக்கும் அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நான் செருகிய பிளக், நியூட்ரல் என்று நினைத்த கம்பியை வண்டியின் உடம்போடு கட்டியது. அந்தக் கம்பியில் வந்தது முழுக் கரண்ட். பச்சை எரிந்த ஒவ்வொரு நொடியும் அந்த வண்டி, தொட ஆள் கிடைக்குமா என்று நின்றிருந்தது.

கறுப்புப் பெட்டி நேற்றும் இன்றும் உண்மையைத்தான் சொன்னது. பொய் சொல்ல வைத்தவள் நான்.

ரஹ்மத் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன பிளக், யார் செய்தது, என்ன ஆகியிருக்கும். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஈரத் தரையிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு அவரே கேட்டார். "எர்த்து இல்லன்னுதான செவப்பு எரிஞ்சுச்சு? எர்த்துக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"சித்திர வைகாசியில மண்ணு காஞ்சு கெடக்கும்ல. ஃபிரிட்ஜத் தொட்டா ஷாக்கடிக்கும். அந்தக் குழியில ரெண்டு கொடம் ஊத்துனா நின்னுரும். எல்லா வீட்டுலயும் ஊத்துவாங்க. நீங்க இதுக்குத்தான் படிச்சீங்கன்னு சொன்னீங்க?"

கதிர்வேல் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு குழாய் முனை மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது. சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு கை கல்லுப்பு போட்டு, குஞ்சுகளுக்கென்று கொண்டுவந்த அந்தக் குடத்தையே ஊற்றினோம். மண் 'புஸ்' என்று குடித்தது. இன்னொரு குடம். இன்னொன்று. வண்டியை ஜன்னலை ஒட்டிப் பின்னால் நகர்த்தி, வாஷிங் மெஷினின் பெரிய சாக்கெட்டை டெஸ்டர் வைத்துப் பார்த்து, எந்த அடாப்டரும் இல்லாமல் நேராக மாட்டினேன். சிவப்பு. ஐந்தாவது குடத்துக்கு அப்புறம் சிவப்பு அணைந்து, யோசித்து, பச்சை ஆனது. அதற்குப் பிறகும் நான்தான் முதலில் டெஸ்டரை வண்டியில் வைத்துப் பார்த்தேன்.

நான்கு மணிக்குக் கிளம்பினோம். கடற்கரை ஊரில் பன்னிரண்டு பெண்களும் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி நின்றார்கள். இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு குஞ்சு உயிரோடு இறங்கின. ஒரு பெண், "ஆறு கொறையுதே" என்றார். ரஹ்மத் அக்கா, "கொறஞ்சது அம்புட்டுத்தான்னு சந்தோசப்படு" என்றார், என்னைப் பார்க்காமல்.

அங்கிருந்தே சின்னையாவுக்குப் போன் செய்தேன்.

"அந்தப் பிளக்கைக் கழட்டிடுங்க. ஆபத்து. மெயினை அணைச்சுட்டுக் கழட்டுங்க."

"நல்லாத்தானம்மா எரியுது? பச்ச பச்சன்னு எரியுது."

"கழட்டிடுங்க, கண்டிப்பா."

"சரிம்மா, சரிம்மா. பாக்குறேன்."

அந்தச் சரிம்மா எனக்குத் தெரியும். நான் கதிர்வேல் அண்ணனுக்குச் சொன்ன தற்காலிகத்தின் தங்கச்சி அது. உடனே தேன்மொழிக்கும் அடித்தேன். "சுவிட்ச் போர்டுகிட்டயே போகாதீங்க, யாரையும் வண்டியைத் தொட விடாதீங்க. காலைல வர்றேன்" என்றேன்.

கதிர்வேல் அண்ணனிடம் சொன்னபோது அவர் பெருமூச்சு விட்டார். "ஊருக்கு நேர் ரோடு கெடக்குது. அது சுத்துங்கம்மிணி." சாவியைத் திருப்பினார். "செரிங், போலாம்." இந்தச் 'செரிங்' பழையது.

நான்காம் நாள்

காலை எட்டு மணிக்கே வெயில் அடித்தது. ராத்திரி ரஹ்மத் அக்கா வீட்டு முற்றத்தில் நேராகப் போட்ட சார்ஜில் வந்திருந்தோம். சின்னையாவின் மாட்டுக் கொட்டகையில் சாணி ஈரத்துக்கு மேல் ஸ்கூட்டர் நின்றது. பிளக் சுவரிலேயே இருந்தது. பச்சை எரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பசு ஒன்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து நீ போன்ல கத்துனியேன்னு அதை யாரும் தொடல" என்றார் சின்னையா. "ஆனா கழட்ட மனசு வரல."

மெயினை அணைத்தேன். பிளக்கை உருவினேன். கதிர்வேல் அண்ணன் கட்டிங் பிளேயரை நீட்டினார். என் பையில் இருந்ததையும் எடுத்து, அவர்கள் பார்க்க இரண்டையும் துண்டு துண்டாக வெட்டினேன். உள்ளே இருந்த விரல் நீள வயரை எடுத்துக் காட்டி, இதுதான் செய்தது, இப்படித்தான் ஆள் போயிருப்பார் என்று சொன்னேன். அறந்தாங்கி முற்றத்தையும் சொன்னேன்.

சின்னையா அந்தத் துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "படிச்ச புள்ள குடுத்ததுன்னுதானம்மா மாட்டுனேன்" என்றார்.

மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் எர்த் கம்பி இறங்கும் இடத்தைத் தேடி முட்செடியை விலக்கித் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். செம்மண் குடித்துக்கொண்டே இருந்தது. ஏழு குடம் ஊற்றியும் சிவப்புதான். கம்பியே துருப்பிடித்து அறுந்திருக்கலாம். புதுக் குழி வெட்ட வேண்டும், உப்பும் கரியும் போட வேண்டும், அதுவரை இங்கே சார்ஜ் போடக்கூடாது என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஈபி ஆபீசுக்கு நானே ஒரு மனு எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். போகிற வழியில் கொடுத்துவிடலாம்.

"அப்ப இன்னைக்கு நான் எப்படிப் போறது?" என்றார் தேன்மொழி. புடவை கட்டித் தயாராக நின்றார். அங்கன்வாடிச் சாவி கையில். இந்த முறை அக்கா என்று கூப்பிடவில்லை.

"நாங்க எறக்கி விட்டுட்டுப் போறமுங்க" என்றார் கதிர்வேல் அண்ணன்.

வண்டி எந்தச் சுவரோடும் கட்டப்படாமல் வேலி ஓரம் நின்றது. பின்னால் காலிக் கூண்டுகள், கொஞ்சம் இறகு. தேன்மொழி நடந்து போய்க் கதவுப் பிடிக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"தொடலாமா?"

கேபிள் என் தோளில் சுருண்டு கிடந்தது. எதிலும் மாட்டவில்லை. ஆமாம் என்று வாயால் சொன்னால் போதாது என்று தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் சிந்தி ஈரமாகக் கிடந்த மண்ணில் நின்று, நான் முதலில் தொட்டேன்.